ஒன்பது இடது பாதங்கள்

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் பாதியில் அவர்களுடைய முகம் ஒரு மாதிரிப் போகும், முடிந்ததும் "அந்த நேரம் நீங்கள் சரியான களைப்பில இருந்திருப்பியள் அன்ரி" என்று எனக்கே ஆறுதல் சொல்வார்கள். களைப்புத்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. களைத்தவர்களுக்கெல்லாம் தரை துடிக்கிறதா? நாடு விட்டு வந்த இந்த நகரத்தில், பார்க்டேல் என்கிற பகுதியில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் ஒரு வீட்டில் ஏதோ நடமாடுகிறது என்று சனம் ஒதுங்கி நடந்தபோது, அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்து மூன்று வருஷம் நிம்மதியாக நித்திரை கொண்டவள் நான். அங்கே நடமாடியது கரப்பான் பூச்சி மட்டும்தான்.

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெயில் காலம். நான் அப்போது டோனி என்கிற போர்த்துக்கீசக்காரனிடம் வேலை செய்தேன். பழைய கட்டிடங்களின் மரத்தரையை மெஷினால் உரஞ்சி வார்னிஷ் அடிக்கிற வேலை. பெண்பிள்ளைக்கு உதென்ன வேலை என்று கேட்காத ஆளில்லை, கேட்டவர் எவரும் வேறு வேலை எடுத்துத் தரவும் இல்லை. என்னோடு கூட வேலை செய்தவர் மன்னாரைச் சேர்ந்த சூசை அண்ணை, கழுத்தில் எப்போதும் செபமாலை, ஆனால் வாய் மட்டும் சும்மா இராது.

நகரத்தின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஒரு மூன்று மாடிச் செங்கல் கட்டிடம். ஒரு காலத்தில் தெறி செய்கிற தொழிற்சாலையாம், அதுதான் சட்டைக்குத் தைக்கிற பட்டன். மூடிப் பல வருஷம். ஒரு கலைக்குழு அதை எடுத்து, சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்து, நவீன ஓவியமும் சிற்பமும் வைக்கிற கூடமாக மாற்றிக்கொண்டிருந்தது. பொறுப்பாக இருந்தவள் லிண்டா. நல்லவள், சிரித்த முகம், எங்கள் பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் மெனக்கெட்டவள். மூன்றாம் மாடித் தரையை முடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

அந்தத் தரையில், யன்னல் ஓரமாக, வரிசையாக ஒன்பது பள்ளங்கள் இருந்தன. ஆழமில்லை, ஒரு விரல் தடிப்பு இருக்கும். மேப்பிள் மரம் கல்லு மாதிரி, அதில் அப்படிப் பள்ளம் விழுவதென்றால் எத்தனை வருஷம் ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். விசித்திரம் என்னவென்றால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கால் வைக்கிற அளவுதான், அதுவும் இடது கால். வலது காலுக்குப் பள்ளமே இல்லை. சூசை அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "உங்க நிண்டு வேலை செய்ததுகள் எல்லாம் நொண்டிகளோ?" என்று பகிடி விட்டார்.

உரஞ்சி முடிந்த தரையில் சப்பாத்தோடு ஏற என்னால் முடியாது. வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பேன், எங்கள் பழக்கம் அது, டோனி எத்தனை முறை ஏசினாலும் கேட்டதில்லை. அதோடு தூசி மிச்சம் இருக்கிறதா என்று உள்ளங்கால் சொல்கிற மாதிரிக் கண் சொல்லாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை இருக்கும், யன்னலால் வெயில் கொட்டுகிறது, நான் அப்படித் தடவித் தடவி நடந்துபோய் மூன்றாவது பள்ளத்தில் இடது காலை வைத்து நின்றேன். தரை துடித்தது.

சத்தம் இல்லை. உள்ளங்காலில் மட்டும், டக், சின்ன இடைவெளி, டக். ஒரு மெஷின் பக்கத்தில் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி. என்னுடைய வலது கால், நான் சொல்லாமலே, குதி தரையில் இருக்க முன்பாதத்தை மட்டும் தூக்கி அமத்தி, தூக்கி அமத்தி, அந்தத் துடிப்போடு சேர்ந்து போகிறது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது, என்ர காலை என்னைக் கேட்காமல் ஆட்டுவது யார் என்று.

கீழே இறங்கிப் பார்த்தேன். எந்த மெஷினும் ஓடவில்லை, எங்கள் மெஷின்கூட நின்றுதான் இருந்தது. ரயில் போகவில்லை. மேலே வந்து பள்ளத்தில் கையை வைத்தேன், ஒன்றுமில்லை. நின்றால் துடிக்கிறது. சூசை அண்ணையைக் கூப்பிட்டேன்.

"உது ஸ்ட்ரீட்காராத்தான் இருக்கும் தங்கச்சி."

"அந்த ட்ராம் ரெண்டு தெரு தள்ளியெல்லோ ஓடுது. ஒருக்காச் சொக்ஸைக் கழட்டிப்போட்டு உதில நில்லுங்கோ அண்ணை."

"நான் கழட்டமாட்டன்."

"ஏன்?"

"உதில ஏதும் இருந்தாலும் எனக்குத் தெரியத் தேவையில்லை, இல்லாட்டியும் தெரியத் தேவையில்லை."

அவர் அப்படியே விட்டுவிட்டார், நான் விடுகிற ஆளா? அடுத்த மூன்று நாளும் நேரம் பார்த்து ஒன்பது பள்ளத்திலும் மாறி மாறி நின்றேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முதலாவது சரியான அவசரக்காரி. மூன்றாவது நிதானம். ஏழாவது ஓடிக்கொண்டேயிருந்து நடுவில் கொஞ்சம் நிற்கும், இருமுகிறவர்கள் நிற்பதுபோல, பிறகு தொடங்கும். பன்னிரண்டு மணிக்கு ஒன்பதும் நிற்கும், பன்னிரண்டரைக்கு ஒன்றாகத் தொடங்கும். உச்சிப்பொழுதில்தான் பேய் உலாவும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், இவர்கள் என்னவென்றால் உச்சிப்பொழுதில் சாப்பிடப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஒரு பெட்டி அடைக்கிற இடத்தில் நின்று வேலை செய்தவள்தான், அரை மணித்தியாலச் சாப்பாட்டின் அருமை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை லிண்டா ஒரு பழைய படத்தோடு வந்தாள். அந்த மாடிதான், அதே யன்னல்கள். ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருத்திக்கும் முன்னால் தெறி வெட்டுகிற மெஷின், இடது கால் தரையில், வலது கால் மெஷினின் மிதியில். மிதி இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, என் வலது கால் செவ்வாய்க்கிழமையே அதை மிதித்துவிட்டது.

அந்தப் படத்தைச் சுவரளவு பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். சொல்லிக்கொண்டே, பள்ளங்களை மட்டும் ஃபில்லர் போட்டு நிரப்பிவிடச் சொன்னாள். சிற்பங்கள் ஆடுமாம், பார்க்க வருகிறவர்களுக்குக் கால் தடக்குமாம். அவர்களுடைய படம் வேண்டும், அவர்கள் நின்ற இடம் வேண்டாமா? டோனியிடம் நான் நிரப்பமாட்டேன் என்று சொன்னேன். அவன் சிரித்தான். திங்கட்கிழமைக்குள் நிரப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்றான்.

இப்போது கேட்க வீரமாக இருக்கும். அப்போது ஊரில் யுத்தம், என் அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் தனியாக இருந்தார். அவரை இந்த நாட்டுக்குக் கூப்பிடுவதற்கு, நான் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்ததாக டோனியின் கடிதம் வேண்டும். அதற்கு இன்னும் ஐந்தே ஐந்து வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஃபோனில் "எப்ப பிள்ளை கூப்பிடுவாய்? இஞ்ச ஒவ்வொரு நாளும் பொலிஸ் வந்து பதிவு கேக்குது" என்றார். நான் "கெதியில அம்மா" என்றேன். முகம் தெரியாத ஒன்பது பேருக்காக அம்மாவை அங்கேயே விடுவதா? என்னை நானே நன்றாக ஏசிக்கொண்டேன்.

மறைக்காமல் சொல்கிறேன், திங்கட்கிழமை காலை நான்தான் ஃபில்லர் டின்னைத் திறந்தேன். குழைத்து, தகட்டுக் கத்தியில் எடுத்து, மூன்றாவது பள்ளத்துக்குக் கிட்டப் போனேன். போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை நின்று பார்ப்போம் என்று காலை வைத்தேன். டக், டக். இரண்டு தரம், பிறகு நின்றுவிட்டது. பக்கத்துப் பள்ளத்துக்குப் போனேன், அதுவும் இல்லை. ஒன்பதிலும் போய் நின்றேன். நேரம் காலை பத்து மணி, வேலை நேரம், ஒன்றும் ஓடவில்லை. வேலைத்தலத்தில் ஒருத்தியை வேலையால் நிற்பாட்ட வரும்போது மற்றவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களே, அந்த அமைதி அது. அத்தனை பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

டின்னை மூடிவிட்டுக் கீழே போய் லிண்டாவைக் கூப்பிட்டேன். டோனியும் பின்னால் வந்தான், என்னை எல்லார் முன்னாலும் நிற்பாட்டுகிற சந்தோஷத்தில். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் நானே நிரப்புகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு கழற்றினாள், மூன்றாவது பள்ளத்தில் நின்றாள். ஒன்றும் தெரியவில்லை, மரம் குளிர்ச்சியாக இருக்கிறது என்றாள். திறப்பு விழாவுக்கு யார் யார் வருகிறார்கள், எந்த மூலையில் வைன் வைப்பது என்று அவள் பாட்டுக்குக் கதைத்தாள். அவளுடைய வலது கால் அமத்தித் தூக்கி, அமத்தித் தூக்கி, நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் பார்த்தேன், டோனி பார்த்தான், சூசை அண்ணை செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு நிமிஷத்துக்கு மேல். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஏன் எல்லாரும் என்ர காலையே பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

டோனிதான் பதில் சொன்னான். இந்த மரத்துக்கு ஃபில்லர் பிடிக்காது, பனிக்காலத்தில் மரம் சுருங்க எல்லாம் வெடித்து வந்துவிடும், சிற்பங்களை நடுவில் வையுங்கள், யன்னல் ஓரத்தை விடுங்கள் என்றான். அப்பட்டமான பொய். அதற்குப் பிறகு அவன் அந்த மாடிக்கு ஏறவே இல்லை, வார்னிஷ் டின்னைக்கூடப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவான். ஐந்து வாரத்தில் நான் கேட்காமலே கடிதமும் தந்தான். அம்மா வந்தார், பத்து வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்துதான் கண்ணை மூடினார். சூசை அண்ணையிடம் பிறகொரு நாள் இதைப் பற்றிக் கதை எடுத்தேன், "நான் ஒண்டும் காணேல்லை தங்கச்சி" என்று முடித்துவிட்டார்.

இத்தனை வருஷமும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இந்த நகரத்தில் எத்தனையோ பேர் நின்று தேய்ந்த இடமெல்லாம் அடையாளமில்லாமல் போய்விட்டது, இந்த ஒன்பது பேருடையதை மட்டும் நான் போக விடவில்லை. யார் என்ன சொன்னாலும் நான் செய்தது சரிதான், இதில் எவரோடும் வாதாடத் தயார்.

போன வருஷம், இப்போது நான் இருக்கிற அஜக்ஸிலிருந்து ரயில் எடுத்து அந்தப் பக்கம் ஒரு அலுவலாகப் போனேன். அப்படியே கூடத்துக்கும் ஏறினேன். பெரிய படம் சுவரில் இருக்கிறது, தரை நான் விட்ட மாதிரியே இருக்கிறது. ஆட்கள் இல்லை, ஒரு பிள்ளை மட்டும் கதிரையில் காவலுக்கு இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மூன்றாவது பள்ளத்தில் நின்றேன்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நிதானம் இல்லை. என் வலது கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நொந்தது, அவ்வளவு வேகம். ஒவ்வொன்றாகப் போனேன், ஒன்பதும் ஒரே வேகம், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஏழாவது நடுவில் நிற்கவே இல்லை. கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன், பன்னிரண்டு இருபது.

நான் பேயை நம்புகிற ஆள் இல்லை, இப்போதும் இல்லை. அந்தத் தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலம். அவர்களைச் சாப்பிடவும் விடாமல் இப்போது அங்கே வேலை வாங்குவது யார் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.