பாயின் தம் மூடி

ஏழு வருடமாக என் சமையலறையில் இருந்த இரும்பு மூடியை இன்று காலை தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேல்பக்கத்தில், நெருப்புக் கங்கு கொட்டிக் கொட்டி விழுந்த கருப்பு வட்டம் ஒன்று உண்டு. கை வலித்ததுதான் மிச்சம், அது போகிற வழியாக இல்லை. விளிம்பு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். எவ்வளவு கங்கு கொட்டினாலும் சரியாது. இப்போது கடையில் விற்கிற அலுமினிய மூடிகள் இரண்டு சூட்டுக்கே நெளிந்துபோகின்றன. மூடியின் சொந்தக்காரர் மதியம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் பிடித்து ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவது என் வேலை. அவர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸில் சமைப்பது பாயின் வேலை. அதற்கு முன்னால் அவர் கல்யாண வீடுகளில் தலைமைச் சமையல்காரர், எங்கள் பக்கத்துப் பேச்சில் பண்டாரி. ஆயிரம் பேருக்கு பிரியாணி இறக்கியவர். பைக்கிலிருந்து விழுந்து வலது தோள் போனபிறகு அண்டா மாதிரிப் பெரிய தேக்சாவில் கரண்டி போட்டுக் கிண்ட முடியவில்லை. கிண்ட முடியாதவனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? ரெண்டு பேருக்கு சூப் வைக்கிறவனெல்லாம் பண்டாரியா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். வருமானத்துக்கு அவர் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. பண்டாரி என்ற பேர் போய்விட்டதே என்பதுதான் அவரை அரித்தது.

ஒரு மாம்பழ சீசனில், ஷூவின் அளவு சரிபார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வந்து இரண்டு மாதம் தங்கினார். மூன்றாவது வாரத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அம்மா செய்யும் பழ இனிப்பைப் பற்றிச் சொன்னார். காப்ளர் என்று பெயராம். ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்தார்: பாத்திரம், அடியில் பழம், மேலே மாவு. அதை நான் பெரிய மேதாவி மாதிரி பாயிடம் விளக்கினேன். அவர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. தம் போடணும், அவ்ளோதானே என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாத்திரத்துக்கு மேலே மாவு என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஆவி போகாமல் சுற்றி ஒட்டுகிற மாவு. தம் உடைத்ததும் அதைப் பிய்த்து ஆட்டுக்குப் போடுவோம். அதை ஒரு மனுஷி ஆசை ஆசையாகத் தின்பாள் என்று நாங்கள் கண்டோமா!

பாய் நாட்றம்பள்ளிப் பக்கத்து பெங்களூரா மாம்பழம் வரவழைத்தார். நறுக்கி, வெல்லமும் ஏலக்காயும் போட்டு, வெறும் மைதாவைத் தண்ணீரில் பிசைந்து விளிம்பு முழுக்க ஒட்டி, மூடிமேல் கங்கு கொட்டினார். சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, கல்யாண வீட்டில் செய்வதுபோலக் கரண்டியால் மாவைத் தட்டி உடைத்துத் திறந்தார். வாசனை வீட்டைத் தூக்கியது. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், மாவு எங்கே என்றார். பழத்தோடு சேர்த்துத் தின்கிற மாவைத்தான் அவர் படமாகப் போட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாயிடம் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. "இந்தக் கைக்கு இனிமே எதுவும் வராதும்மா" என்றார். அதற்குள் அந்த அம்மா உடைந்து கிடந்த மாவில் ஒரு துண்டை எடுத்து, மாம்பழச் சாற்றில் தோய்த்துக் கடித்துவிட்டார். கல் மாதிரி இருந்திருக்கும். கடகடவென்று சிரித்தார். பழம் தன் அம்மா செய்ததைவிட நன்றாக இருக்கிறது, நாளைக்கு மாவில் வெண்ணெய் போட்டு உள்ளே வையுங்கள் என்றார்.

மறுநாள் பாய் மாவில் வெண்ணெய், பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, பழத்தின்மேல் உருண்டை உருண்டையாக வைத்தார். மேலே கங்கு ஜாஸ்தி, அடியில் கம்மி. மூடியைத் தூக்கியபோது மாவு பொன்னாகச் சிவந்து, ஓரத்தில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா பாதிப் பாத்திரத்தைக் காலி செய்தார். பாய் சுவர்ப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வருடம் கெஸ்ட் ஹவுஸை மூடிவிட்டார்கள். பாய் வீட்டோடு இருந்துகொள்வதாகச் சொல்லி, தனக்கு இனிமேல் எதற்கு என்று இந்த மூடியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். இப்படி ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்குக் கோபமான கோபம். என் மகளின் பிறந்தநாளுக்கு நானே அந்த இனிப்பைச் செய்து, கருக்கிவிட்டு, அவருக்கு போன் போட்டேன். வந்தவர் பாத்திரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், கங்கை அடியில் கொட்டி வைத்திருக்கிறாயே என்று திட்டினார். என்னைத் தள்ளிவிட்டு இடது கையாலேயே புதிதாக ஒரு பாத்திரம் ஏற்றினார். அது வெந்துகொண்டிருந்தபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுக்குக் கிண்ட வேணாம்ல?"

அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, தன் மகள் கல்யாணத்துக்கு அதையே கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பிரியாணியை வேறு ஆள் செய்வார், இனிப்பு மட்டும் பாய். மாங்கா தம் என்று பேரும் வைத்துவிட்டார். மூடியைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் வாங்கமாட்டார். கொடுத்தது கொடுத்ததுதான் என்று ரோஷம். போன வாரம் அவரே போன் செய்து கேட்டபோது என் காதையே நம்ப முடியவில்லை.

மதியம் வந்தார். மூடியைத் திருப்பிப் பார்த்து, இப்படியா தேய்ப்பாய், இரும்பே தேய்ந்திருக்குமே என்று சண்டைக்கு வந்தார். கருப்பு வட்டம் அப்படியே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபிறகுதான் சமாதானமானார். ரோஷத்தை விட்டுவிட்டுக் கேட்கிற அளவுக்கு என்ன அவசரம் என்று நானும் கொஞ்சம் சீண்டினேன். மூடியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"சனிக்கிழமை ஆற்காட்டுல கல்யாணம்மா. கிண்டறதுக்கு ரெண்டு ஆள் வெச்சிருக்கேன். பிரியாணியும் சேர்த்து எங்கிட்டயே விட்டுட்டாங்க. பண்டாரி நான்தான்."