பெயர் ஒட்டிய டப்பாக்கள்

முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் மனைவி ஒரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியதில்லை. எதில் என்ன பொடி என்று அவள் கைக்கே தெரியும். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை, எங்கள் காரவானுக்குள் உட்கார்ந்து அவள் வெள்ளைத் தாளைக் கத்தரித்து, 'சாம்பார்', 'ரசம்', 'வற்றல் குழம்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியபோது நான் சிரித்துவிட்டேன்.

"வேலையிலேர்ந்து ரெத்ரேத் வாங்கினது நானா, நீயா? அதுக்குள்ள ஞாபகம் போயிடுச்சா?"

"எழுதி வச்சா நல்லதுதானே," என்றாள். தலையைத் தூக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. புதுச்சேரியிலிருந்து வந்து, பாரிஸ் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தே தேய்ந்து, ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கிய காரவான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ஒற்றை அறை வீடு. அதில் இருவருமாக ஒரு வருடம் ஊர் சுற்றுவது என்று பேச்சு. பிரெத்தாஞ் கடற்கரையில் ஐந்து வாரம் முடிந்திருந்தது. இனி தெற்கே மர்சேய், அப்புறம் ஸ்பெயின். நடுவில் பழுது பார்க்கவும் துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் ஒரு நாள் பாரிஸில், தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் நின்றோம். அங்கே ரூ பஜோல் தெருவில் அந்த நீள வண்டிக்கு இடம் பிடிக்க நான் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் வரும்.

முதல் வேலை கூரைச் சன்னல். பிரெத்தாஞ் மழையில் அதன் ரப்பர் விட்டுப்போய், படுக்கையில் அவள் பக்கம், சரியாகத் தலையணை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளாகத் தலைமாட்டில் கிண்ணம் வைத்துத்தான் தூங்கினாள். நான் மாறிப் படுக்கிறேன் என்றால் கேட்கவில்லை, எனக்குச் சளி பிடிக்குமாம். ஏணியில் ஏறி, பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, பசை தடவிப் புதியதைப் பதித்து இறங்கும்போது இடுப்பு என்னிடம் இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"இனிமே உன் தலையில ஸ்பெயின் மழையே பெஞ்சாலும் விழாது," என்று பெருமையடித்தேன். அவள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

மதியம், "இன்னிக்கு நீங்க சோறு வைங்க," என்றாள். அரிசிக்கு மேல் விரலின் முதல் கோடு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டினாள். சாப்பிட்டபின் அழுக்குத் துணியை என்னுடையது ஒரு பை, தன்னுடையது ஒரு பை என்று பிரித்தாள். இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவள் குஷியாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் துணிப் பைகளோடு சலவை இயந்திரக் கடைக்குப் போக, நான் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்குப் பல நாள் பழக்கம். பத்து கிலோ அரிசி கேட்டேன். அவர் ஐந்து கிலோப் பையை எடுத்து வைத்தார்.

"அக்கா காலமை வந்து சொல்லிப்போட்டுப் போனவா, ஐயா. தனியப் போற ஆளுக்கு அஞ்சு கிலோ காணும்."

"யாரு தனியா போறது?"

"நீங்கள்தானே! அக்கா மகளோடை திரான்சியிலை நிக்கப்போறா, பேரப்பிள்ளையைப் பாக்க." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்," என்றேன். வேறென்ன சொல்ல? அந்த ஐந்து கிலோவுக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சலவைக் கடையில் அவள் என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பையை அந்தச் சட்டைகள் மேலேயே போட்டேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"எப்போ முடிவு பண்ணின?"

"நாம கிளம்புறதுக்கு முன்னாடியே. நம்ம பொண்ணு திங்கக்கிழமை வேலைக்குத் திரும்பணும். குழந்தையை யாரு பாக்கிறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கிளம்பியே இருக்க மாட்டீங்க. வண்டியை வித்துட்டு, காலமெல்லாம் அதையே சொல்லிக் காட்டுவீங்க. இன்னிக்குச் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

மகளிடம் போகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். ஐந்து வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரைபடத்தை மடியில் விரித்து, ஸ்பெயினில் எந்த ஊரில் தங்கலாம் என்று விரல் வைத்துக் காட்டினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையசைத்து வழியனுப்பிய மகளுக்குத் தெரியும். சக்கரங்களுக்குக் காற்று பார்த்துக் கொடுத்த மருமகனுக்குத் தெரியும். அரிசிக் கடைக்காரருக்குத் தெரியும். நான் ஒருவன்தான் மடையன்.

வண்டிக்குத் திரும்பி, டப்பாக்களில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து அவள் கையில் திணித்தேன். "எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேணாம்!" அவள் அவற்றைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். திரான்சியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மதியம், நான் தனியாகத் தெற்கே போகும் வழியில், லுவார் நதிக்கரையில் நல்ல மழை. அவள் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் கிடந்தது. விரல் கோடு அளவுக்குத் தண்ணீர் வைத்ததில் சோறு பதமாக வந்தது. டப்பாக்களைத் திறந்தேன். எல்லாம் ஒரே சிவப்பு. முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன், திரும்பவும் முகர்ந்தேன். முப்பத்திரண்டு வருடம் அவள் கையால் தின்றவனுக்கு, சாம்பார்ப் பொடி எது, ரசப்பொடி எது என்று தெரியவில்லை.

அதுவும் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.