வாசலில் மாட்டிய கட்டைவிரல்

சென்ற திங்கட்கிழமை. காலைச் சமையலை முடித்து அப்போதுதான் உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெண். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ரேஷன் கார்டு.

“அம்மா, ரேஷனுக்கு ஹெப்பெட்டு வெக்கறது இங்கதானா?”

கட்டைவிரலுக்கு மைசூரில் அதுதான் பெயர். தமிழர்கள் வாயிலும் அதுவேதான் வரும்.

“இங்க மிஷினெல்லாம் இல்லம்மா. இது எழுதப் படிக்கச் சொல்லித் தர்ற இடம்.”

“ஓ... போர்டுல விரல் இருந்துச்சே?” என்றாள். போய்விட்டாள்.

வகுப்பு திறந்து ஆறு வாரம். இதுவரை வந்து விசாரித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ரேஷன் கார்டோடுதான் வந்தார்கள்!

என்ன வகுப்பு என்கிறீர்களா? மெதுவாகத்தான் சொல்வேன் — நான் எழுதுவதும் மெதுவாகத்தானே.

மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு முன்னறை, குடியிருந்த டெய்லர் காலி செய்து போனதிலிருந்து சும்மா கிடந்தது. எதிரே நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே சித்தாள் வேலை செய்யும் முனியம்மா, கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளிக்காரி, குடிக்கத் தண்ணீர் கேட்டு வருவாள். ஒருநாள் சொம்பைத் திருப்பிக் கொடுத்தவள் போகாமல் நின்றாள்.

“ஏனுங்கம்மா, நீங்க பெரிய வயசுலதான் எழுத்துக் கத்துக்கிட்டீங்களாமா?”

“ஆமாம். நாப்பதுக்கு மேல. அதுக்கென்ன இப்ப?”

“எனக்கும் பேரு மட்டுமாச்சும் சொல்லித் தாரீங்களா? அப்பன் போனப்புறம் தம்பி ஒரு தாளு கொண்டாந்தான். ரேகை வெய்யின்னான், வெச்சன். கெணத்துக்காடு போயிருச்சு. இப்ப வீட்டையும் எழுதி வாங்க ஒரு தாளு கொண்டாரானாமா. அதுல எம்பேரு எங்க இருக்குதுன்னாவது தெரியோணுமுங்க.”

அன்றைக்கே முடிவு செய்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் வகுப்பு. மருமகள் ரேணுகா டீச்சர், அவள் சொல்லித் தருவாள். நான் பக்கத்தில் உட்காருவேன். நாற்பதுக்கு மேல் கற்றவள் ஒருத்தி கூட இருந்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் குறையும் அல்லவா?

அதோடு விட்டிருக்கலாம். ஒரு பாய், நாலு சிலேட்டு... போதாதா? ஆனால் ரேணுகா, “அத்தை, பேர் வேணும், லோகோ வேணும். மீனிங்ஃபுல்லா இருக்கணும்” என்றாள். எனக்கும் ஆசைதான். யாருக்குத்தான் இருக்காது?

அவளுடைய தோழி ஒருத்தி டிசைனர். போனில் படம் படமாக அனுப்பினாள். முதலில் கண்ணாடி போட்ட ஆந்தை.

“ஆந்தையா! வாசல்ல ஆந்தைய மாட்டினா எவடீ உள்ள வருவா?”

“ஃபாரின்ல அது அறிவுக்கு சிம்பல், அத்தை.”

“இங்க ஆந்தைய கூபேம்பாங்க, அது திட்டு. கிளாஸ்ல பசங்கள நீயே அப்படித்தானே திட்டற?”

சிரித்துவிட்டாள். அடுத்து விளக்கு — எண்ணெய்க் கடை மாதிரி இருந்தது. பிறகு பட்டமளிப்புத் தொப்பி. பார்த்தாலே பயம். பத்து நாள் இப்படியே போனது. கடைசியில்தான் அது வந்தது. ஒரு கட்டைவிரல் ரேகை. கோடுகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பேனா முனையாக முடியும். பெயர், ‘முதல் கையெழுத்து’.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது என் ரேகையேதான்! ரேணுகா என் விரலை மையில் ஒற்றி எடுத்து அனுப்பியிருந்தாள்.

போர்டு ஏறியது. மேலே கன்னடம், கீழே தமிழ், நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு என் கட்டைவிரல். “சூப்பர் கான்செப்ட், ஆன்ட்டி” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்குத் தலை கனத்துப் போயிற்று.

முனியம்மா மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். தண்ணீருக்குக்கூட அடுத்த வீட்டுக்குப் போனாள். கேட்டவளே வரவில்லை, நான் போய்க் கூப்பிடுவதா? அவளுக்கே அவ்வளவு இருந்தால் எனக்கு எவ்வளவு இருக்கும்! ஆறு வாரமும் அந்த வீம்பிலேயே போனது.

திங்கட்கிழமை அந்த ரேஷன் கார்டுப் பெண் போன பிறகு மனசில் என்னவோ உறுத்தியது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். முனியம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, வகுப்பு வேணும்னு கேட்டவ நீ. எட்டிக்கூடப் பாக்கல?”

சல்லடையைக் கீழே வைத்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. வந்தனுங்க. வாசல்ல அந்தப் படத்தப் பாத்ததும் திரும்பிட்டன். மையத் தொட்டு வெய்யிம்பாங்கல்ல, அதே படமுங்க. நீங்களும் என்னத்தையோ எழுதி வாங்கப் போறீங்கன்னு பயந்துட்டன்.”

“முதல் கையெழுத்துன்னு பேரு எழுதியிருக்கேடி?”

“படிச்சவங்களுக்கு அது பேருங்க. எனக்குப் படந்தானுங்க பேரு.”

தீப்பெட்டியைப் படம் பார்த்து வாங்கியவள் நான். பஸ்ஸை டிரைவர் முகம் பார்த்து ஏறியவள். படிக்கத் தெரியாதவர் கண்ணில் படம் மட்டும்தான் விழும் என்று எனக்குத் தெரியாதா? நாலு எழுத்து வந்ததும் மறந்துபோனேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு, படித்தவர்கள் ரசிக்க போர்டு!

“சரி, போகட்டும். போர்டை நானே கழட்டறேன். சாயங்காலம் வா. உன் தம்பி வர்றதுக்குள்ள...”

“அவன் போன புதன்கெழமையே வந்துட்டானுங்க. கொள்ளேகால் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயி வெச்சுட்டு வந்துட்டன்.”

“படிச்சுக் காட்டினாங்களா?”

“என்னமோ வேகமாப் படிச்சாங்க.”

“வா, ஒரு வக்கீலைப் பாக்கலாம். நான் கூட வரேன்.”

“வேண்டாமுங்க. கேஸுன்னு போனா, நோம்பி பண்டிகைக்குப் போயி நிக்க எனக்கு எந்த வாசலுங்க இருக்குது?”

மறுபடி சலிக்கத் தொடங்கினாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போர்டைக் கழற்றிவிட்டோம். ரேணுகா வேறு பெயர் யோசிக்கிறாள். டிசைனர் பெண் தினம் இரண்டு படம் அனுப்புகிறாள். எல்லாமே ரொம்ப மீனிங்ஃபுல்.

முனியம்மா என்னிடம் கேட்டது அவள் பெயரைத்தான். நான் வகுப்புக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன்.