கீழ்க்கரைக்கு வந்த விளக்கு

ஆகாஃபியாவின் பிடிவாதம் வடக்கே உறைபனி நாட்டின் குஸ்கோக்விம் ஆற்றங்கரை முழுக்கப் பிரசித்தம். புருஷன் போன பிறகு, ஊர் ஆண்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, விமான ஓடுதளத்தில் அவன் ஓட்டிய பனி தள்ளும் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கி, தானே ஓட்டுபவள்.

அவள் குடியிருக்கும், ஊரின் தாழ்வான பகுதியான கீழ்க்கரையில் மர விளக்குக் கம்பம் நிலைப்பதில்லை. குளிரில் மண் உப்பி அதை மேலே தள்ளும். கோடையில் சகதி சாய்த்துவிடும். ஒரு வசந்தத்தில் கம்பம் ஒன்று அவள் தம்பி வாசிலியின் மீன் புகைபோடும் கொட்டகைமேல் விழுந்தது. மின்சாரக் கூட்டுறவுக்காரர்கள் வீடுகளுக்கு மட்டும் தரையோடு மின்வடம் விட்டு, தெருவிளக்குக் கம்பியை அறுத்துப் போனார்கள். விளக்கு வேண்டுமானால் மேட்டுக்குக் குடிபோகச் சொன்னார்கள். அந்தக் குளிர்கால இருட்டில் வாசிலியின் மனைவி பலகைப் பாதையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள்.

மேட்டில் பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். நுனியில் திருகுத் தகடு வைத்த இரும்புத் தண்டை இயந்திரத்தால் முறுக்கி, அடியில் கோடையிலும் உருகாத உறைமண்ணுக்குள் இறக்கினார்கள். அதன்மேல் நின்ற விளக்குக் கம்பம் எதுவும் குளிர் முடிந்தும் அசையவில்லை. மிச்சத் தண்டுகளைப் படகில் ஏற்றும் நாளன்று, ஆகாஃபியா காய்ந்த சால்மன் மீன் பொட்டலத்தோடு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எறங்குங்கம்மா. தண்ணி வத்துது, படகு தரை தட்டிரும்" என்றான் மேஸ்திரி டெரெல்.

"தட்டட்டும். கீழ்க்கரைக்குத் தண்டு எறக்காம நான் எறங்க மாட்டேன்."

"ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒரு பொம்பள ஒக்காந்துட்டா, தூக்க முடியலன்னு சொல்லு. நம்புவாங்க, என் ஒடம்பு அப்படி."

கீழ்க்கரைப் பெண்கள் தேநீர்க் கெட்டிலோடு வந்து தண்டுகளின்மேல் வரிசையாக அமர்ந்தார்கள். டெரெல் தொலைபேசியில் வெகுநேரம் பேசிவிட்டு வந்தான். ஆற்றில் அடுத்து தண்ணீர் ஏறும் வரை இயந்திரமும் தண்டுகளும் இருக்கலாம், ஆனால் தன் ஆட்கள் தொட மாட்டார்கள் என்றான். தொட வேண்டாம் என்று அவளே சாவியைத் திருகினாள்.

முதல் தண்டுகள் மண்ணைக் கடித்துக்கொண்டு இறங்கின. அவள் வாசலில் மட்டும் மண் கஞ்சியாகக் கிடந்தது; தண்டோடு தண்டு கோத்தும் உறைமண் தட்டவில்லை, இயந்திரத்தின் அழுத்தம் காட்டும் முள் எழவில்லை. இன்னும் ஒன்று கோக்கலாம் என்றான் வாசிலி. இருக்கும் தண்டு கொஞ்சம்தான் என்று அவள் மறுத்து, எல்லாவற்றையும் வெளியே உருவி, அவன் மனைவி விழுந்த இடத்தில் இறக்கினாள். சாய்ந்து கிடந்த பழைய மரக் கம்பங்களையே தண்டுகளின் மேல் போல்ட் போட்டு நிறுத்தினார்கள்.

தாங்கள் நடாத கம்பத்துக்குக் கம்பி கிடையாது என்றது கூட்டுறவு. ஆகாஃபியா அவர்கள் கூட்டத்துக்கே போய் நின்று, பொறியாளரைப் படகில் அழைத்து வந்தாள். கம்பத்தில் சங்கிலி கட்டிப் பனி தள்ளும் வண்டியில் மாட்டினாள்.

"இழுங்க. சாஞ்சா நானே மொதல்ல மேட்டுக்குப் போறேன்."

பொறியாளர் வண்டியை ஓட்டி இழுத்தார். வண்டியின் சக்கரம்தான் சகதியில் சுழன்றது. இன்னொரு கம்பத்தையும் இழுத்துப் பார்த்தார். சேறு தெறித்த சட்டையோடு கையெழுத்துப் போட்டார்.

முதல் பனிக்கு முன்னே விளக்கு வந்தது. ஆகாஃபியாவின் வாசல் மட்டும் இன்னும் இருட்டு. மேட்டில் இடம் தருவதாகச் சொன்னவர்களிடம், கோடைப் படகில் நீளத் தண்டுகளை அனுப்பினால் போதும் என்று சொல்லியிருக்கிறாள்.