பக்கத்து வீட்டுக்கு மட்டி கொடுக்கலாமா?

கனடாவில் இருக்கும் தம்பி இன்று வீடியோ காலில் வந்தான். கடற்கரையில் அவனே தோண்டி எடுத்த மட்டிச் சிப்பிகளை வாளியோடு காட்டினான்.

"பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தியா?" உம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அதிராம்பட்டினத்தில் அடுத்த வீட்டுக்குப் பங்கு போகாமல் எங்கள் வீட்டில் மட்டி அடுப்பேறியதில்லை.

"கொடுக்கக் கூடாது உம்மா. ஒரு ஆள் இவ்வளவுதான் வச்சிருக்கலாம்னு சட்டம். அவங்களும் இன்னிக்குத் தோண்டி, அவங்க அளவு முடிஞ்சிடுச்சு. நான் கொடுக்கிறதும் அவங்க கணக்குலதான் சேரும். அபராதம் அவங்களுக்கு வரும்."

உம்மா கொஞ்சம் யோசித்தார்கள்.

"அப்ப ஆக்கி வச்சு அவங்களை உன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. வயித்துக்குள்ள போனதை எந்த ஆபீசர் எண்ணுவாரு?"

தம்பி சட்டத்தை மறுபடி படிக்கிறானாம்.

இங்கே கனடா வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்க. உம்மா தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டா?