வாழைநாரில் நின்ற நெல்

எனக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஆனாலும் ஒரு நாள், தோளில் பச்சைத் துண்டோடு அமைச்சர் முன்னால் முன்னோடி விவசாயியாக நின்றேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஓர் அரசு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் நான் கூலியாள். அந்த வருஷப் பிசானப் போகத்தில் ஒரு புது ரகத்தைச் சோதித்தார்கள். சோதித்தவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஓர் ஆராய்ச்சியாளர் அம்மா. கதிர் முற்றும் நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மற்ற ரகமெல்லாம் நின்றது. புது ரகம் மட்டும், கூலி வாங்கிய அன்றைக்கு நான் படுப்பதுபோல், வரப்போரம் படுத்துவிட்டது.

மறுநாள் அமைச்சர் வந்து அதே ரகத்தை அறிவிப்பதாக ஏற்பாடு.

"எல்லாத்தையும் தூக்கிக் கட்டுங்கவே. வாழைநாரு போதும், கண்ணுக்குத் தெரியாது" என்றார் பண்ணைத் தலைவர்.

"சார், இதை நம்பி சம்சாரி நட்டா முதலோட போயிரும். இன்னொரு போகம் பாக்கணும்" என்றார் அம்மா.

"ஒங்க ஒப்பந்தத்தை நீட்டணும்னா நான்தான் கையெழுத்துப் போடணும். அது ஞாவகம் இருக்கட்டும்."

நாங்கள் குனிந்து குத்துக்குத்தாகக் கட்டினோம். தலைவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"வே, உமக்கு அசல் சம்சாரி மூஞ்சி. நாளைக்கு நீருதான் விவசாயி. என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லும்."

"வீட்லயும் எனக்கு அதான்யா வேலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் வரப்பெல்லாம் கேமரா. "காத்துக்கு அசையாத ரகம்யா" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கூட்டத்தின் கடைசியில் நின்றார். அமைச்சர் என் தோளில் கை போட்டார்.

"என்ன அண்ணாச்சி, நெல்லு எப்படி நிக்கு?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் பொருந்தவில்லை. வேறு பதிலை யாரும் எனக்குச் சொல்லித் தரவுமில்லை.

"கட்டுனா நிக்குய்யா."

வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"கட்டு முறைச் சாகுபடிய்யா, புதுத் தொழில்நுட்பம்" என்று தலைவர் பாய்ந்து வந்தார்.

அமைச்சர் குனிந்து ஒரு நாரை இழுத்தார். குத்து பைய அவர் வெள்ளை வேட்டிமேல் சாய்ந்தது.

"ஒரு ஏக்கரைக் கட்ட எத்தன ஆளு வேணும்?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இது கட்டி வளக்குற ரகம் இல்லய்யா. காத்துக்குச் சாயுது. இன்னொரு போகம் பாக்கணும்."

"பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டே அமைச்சர் காரில் ஏறினார். அறிவிப்பு நடக்கவில்லை.

அம்மாவின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. என்னை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார்கள். மாடுகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஊருக்குப் போக வண்ணார்பேட்டையில் நான் பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சொன்னார்: "அண்ணாச்சி, அடுத்த போகம் காத்தடிச்சா எனக்கு ஒரு போன் போடுங்க."

அடுத்த பிசானம் அதே ரகத்தை நட்டார்கள். கதிர் வரும் முன்னே பண்ணைக்குள் ஒரு வேன் வந்து சரக்கை இறக்கியது. எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, காத்து இன்னும் வரல. கயிறு வந்துட்டு."