ஒரே ஒரு ரிங்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. நம்ப முடியாதவர்கள் பழவேற்காடு பஜாருக்கு வந்து என் வண்டியைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் அந்த சார்ஜர் இன்னும் இருக்கிறது. கழற்றிப் போடு என்று ஊரே சொல்லியாயிற்று. எனக்குத்தான் அதில் கை வைக்கத் தைரியம் வரவில்லை.

என் பெயர் முத்துராஜ். நண்டு வியாபாரம். ஏரிக்கரை ஊர்களுக்கு பைக்கில் போய் உயிர் நண்டு வாங்கி, பின்னால் கட்டிய பெட்டியில் போட்டு எடுத்து வருவேன். போன் இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது. என்னுடைய போனோ கிழட்டு மாடு. காலையில் நூறு காட்டும், சாயங்காலம் ஆனால் படுத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் போனுக்கென்று ஒரு பாஷை உண்டு. தொழிலுக்குப் போன ஆள் கரை சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவான். 'கரைக்கு வந்துட்டேன்' என்று அர்த்தம். வீட்டிலிருந்து பதிலுக்கு ஒரு ரிங் வரும். 'உலை வெச்சிட்டேன், வா' என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். காசு மிச்சம் பிடிக்க ஆரம்பித்த வேலை. இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான், ஆனாலும் பழக்கம் போகவில்லை. கடலுக்குப் போகாத நான்கூட வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு ரிங் விடுவேன்.

போன மார்கழியில் என் மனைவி கலைவாணிக்கு நிறைமாதம். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எனக்கும் அதே. தேவைப்பட்டால் நான்தான் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய போன் தொலைந்து, புது சிம் புது நம்பர் வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நம்பரிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம். என் போன் அணையக் கூடாது.

அதற்காகத்தான் பைக்கில் சார்ஜர் வைத்தேன். மெக்கானிக் விஜயராகவன் ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

"கீ லைன்ல குடுத்துக்கிறேன்பா. சாவி போட்டாத்தான் கரண்டு வரும். நேரா பேட்டரில குடுத்தா நைட்டோட நைட்டா பேட்டரி காலி."

சாவியைத் திருப்பினேன். சார்ஜரில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. பொம்மை கிடைத்த பிள்ளைபோல நாலைந்து தடவை செய்து பார்த்தேன்.

அன்று சுண்ணாம்புக்குளத்தில் நண்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் ஜமுனா கூப்பிட்டார்.

"மாப்ள, வலி கண்டுச்சு. வூட்டைப் பூட்டிக்கினு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். ஆபரேஷன்னு சொல்றாங்க. நீங்க வந்துடுங்க. போன மட்டும் ஆப் பண்ணிடாதீங்க."

ஏரியை ஒட்டிய ரோட்டில் விரட்டினேன். இருட்டிவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் உப்புமண். எதிரே ஒரு வண்டி இல்லை. அவள் அங்கே வலியில் கிடக்க, நான் இங்கே தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு அழலாம் போல இருந்தது. பின்னால் பெட்டியில் நண்டுகள் கரகரவென்று சுரண்டிக்கொண்டே வந்தன. அந்தச் சத்தம் ஒன்றுதான் துணை.

திடீரென்று நீல விளக்கு அணைந்தது.

போனில் மூன்று சதவீதம். மணி 7.40.

வண்டியை ஓரம் கட்டினேன். ஃப்யூஸ் சைடு மூடிக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்கவும் அதே வண்டிச் சாவிதான். உருவி, மூடியில் போட்டுத் திறந்து, ஃப்யூஸை அழுத்திப் பார்த்தேன்.

"அண்ணா..."

திரும்பினேன். ஏரிப்பக்கம் ஒரு ஆள். லுங்கி இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. மார்கழிக் குளிரில் சட்டை இல்லை. ஆனால் நடுங்கவில்லை.

"கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டா? வூட்டுக்கு ஒரு ரிங் வுடணும்."

எனக்கு எரிச்சல். "ஒரு ஓட்டைதான்பா இருக்குது. என் சம்சாரம் ஆஸ்பத்திரில கீறா."

"ஒரே ஒரு ரிங்ணா. ரொம்ப நேரமா காத்துக்கினு இருப்பா."

கரை சேர்ந்தவன் ரிங் விட வேண்டும் என்கிறான். அதை எங்கள் ஊரில் பிறந்தவன் எப்படி மறுப்பது? என் போனை உருவி கேபிளை நீட்டினேன்.

பழைய பட்டன் போன். பின்மூடி கழன்றுவிடாமல் பச்சை வலைநூலால் சுற்றிக் கட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கேபிளைச் செருகினான்.

நீல விளக்கு எரிந்தது.

அப்பாடா, ஃப்யூஸ் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் கையிலிருந்த போன் அணைந்தது.

அவன் நம்பரைப் பார்க்காமலே அழுத்தினான். ஒரு ரிங். கட் பண்ணினான். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி ஏக்கமாக ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தேன்...

நண்டுகள் சுரண்டவில்லை. பெட்டியில் சத்தமே இல்லை.

ட்ரிங்...

அவன் போன் ஒரு தடவை அடித்து நின்றது. அவன் சிரித்தான்.

"உலை வெச்சிட்டா. வரேண்ணா."

கரையிறங்கி ஏரிக்குள் நடந்தான். தெற்கே. எங்கள் ஊர்ப் பக்கம். முழங்கால்வரை தண்ணீர். ஆனால் சலசலப்பு இல்லை... துளிகூட இல்லை...

என் போனைச் செருகினேன். விளக்கு எரியவில்லை.

வண்டியைக் கிளப்ப ஹேண்டிலில் சாவியைத் தேடினேன்.

இல்லை.

சாவி சைடு மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாவி போடாமல்... விளக்கு எப்படி...?

ஏரியைப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

கரகர... கரகர...

நண்டுகள் மறுபடி சுரண்ட ஆரம்பித்தன.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பொன்னேரி போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. ரத்தம் தேவைப்படவில்லை. கலைவாணி கண் விழித்ததும் என் கையைப் பிடித்தாள்.

"உங்க போனு ஆப்புன்னு வந்துச்சு. பயந்துட்டேன். அப்பால ஏதோ நம்பர்லேர்ந்து ஒரு ரிங் வந்துச்சு. நீங்கதான் யார் போன்லயோ வுட்டீங்கன்னு, நானும் பதிலுக்கு ஒரு ரிங் வுட்டேன். அந்தத் தெம்புலதான் உள்ள போனேன்."

ஆமாம் என்றேன். பிள்ளை பெற்றவளிடம் வேறு என்ன சொல்வது?

ஆறாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பூட்டு போட்டபடியே இருந்தது. அடுப்படியில் மட்டும், அடுப்புக்கு எதிரே, தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு. உப்புக்காற்று அடிக்கும் ஊர்தானே என்று துடைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து விஜயராகவனிடம் வண்டியை விட்டேன். சார்ஜர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க, கலைவாணியின் போனைக் கொண்டுபோய் அதில் செருகினேன். பேச்சுவாக்கில் அன்று நடந்ததைச் சொன்னேன்.

"சாவி இல்லாம எரிஞ்சுதா? இன்னாபா, போட்டுட்டு ஓட்னியா?" என்று சிரித்தார். பச்சை வலைநூல் சுற்றிய போன் என்றதும் சிரிப்பு நின்றது.

"அந்த நூல நான்தான் சுத்திக் குடுத்தேன். ஆதிநாராயணன் போனு அது. நாலு வருஷத்துக்கு முன்ன மொகத்துவாரத்துல படகு கவுந்துச்சு. பாடி கெடைக்கல. அவன் பொண்டாட்டி லோகநாயகி ரொம்ப நாளு போனைக் கையிலயே வெச்சிக்கினு குந்தினு இருந்தா. அப்பால ஊர வுட்டே போய்ட்டா. சிம்மும் காலாவதி ஆயிருக்கும். அவ நம்பரு இன்னும் என்கிட்ட கீது, பாரு..."

காட்டுவதற்காக எடுத்தவர், அழுத்தியும் விட்டார்.

என் வண்டியில்... சார்ஜரில் செருகியிருந்த கலைவாணியின் போன் அடித்தது.

இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. அடித்து அடித்து அதுவாக நின்றது. லோகநாயகியின் காலாவதியான நம்பர்தான் புது நம்பர் என்று கலைவாணிக்கு வந்திருக்கிறது.

அன்று பூட்டிய வீட்டுக்குள் அவன் வந்திருக்கிறான். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். உலை வைக்க அங்கே யாரும் இல்லை.

அவன் தானாக வரவில்லை. என் மனைவிதான் வரச் சொன்னாள்.